பின்னாலுக்குப் பின்னால் ஒரு நம்பர் பிளேட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெர்மனியின் கருங்காட்டு ஓரத்தில் ஒரு பார்க்கிங்கில், மிச்சமிருந்த ஒரே இடத்தை ஒரு வெள்ளை வேன் பிடித்துக்கொண்டது. கட்டுரைக்காரருக்கு இன்னும் ஆறவில்லை. வேனின் முதுகில் இரண்டு சைக்கிள்கள். கட்டுரைக்காரரின் கார் முதுகிலும் இரண்டு. இரு தரப்பும் வந்திருந்தது ஒரே நோக்கத்துக்காக: கார் இல்லாத இடத்தில் சைக்கிள் ஓட்ட.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெரினாவில் காலை நடைக்குக் காரில் போய், நடைபாதைக்கு இன்னும் பத்தடி பக்கத்தில் இடம் கிடைக்காதா என்று சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

கருங்காடு என்பது கேக்கின் பெயரால் நமக்குப் பழக்கமான அதே பிளாக் ஃபாரஸ்ட்தான். ஜெர்மனியின் தென்மேற்கில், வடக்கு தெற்காக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மலைக்காடு. உச்சி ஃபெல்ட்பெர்க், 1493 மீட்டர். ஒரு காலத்தில் இங்கே வெட்டிய உயரமான ஃபிர் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ரைன் நதிவழியே ஹாலந்துக்கு அனுப்பினார்கள். இப்போது லாரி. அந்த லாரிகளுக்காக மலையைச் சுற்றிச் சுற்றிச் சரளைச் சாலைகள் போட்டிருக்கிறார்கள். வாசலில் குறுக்குத் தடை இருக்கும். வனத்துறை வண்டி, மர லாரி, வேட்டை உரிமம் பெற்றவரின் ஜீப் இவற்றைத் தவிர மோட்டார் வண்டி உள்ளே போகக் கூடாது. சைக்கிள் போகலாம். இதற்கென்றே கிராவல் பைக் என்று ஒரு சாதி உருவாகியிருக்கிறது: பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடி, சுமார் 40 மில்லிமீட்டர் தடித்த டயர், அதிர்ச்சியைத் தாங்க ஓட்டுபவரின் முதுகெலும்பு.

அந்தச் சரளையில், மரநிழலில், ஹார்ன் சத்தமே கேட்காமல் ஓட்டும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் சைக்கிள் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்துவிடலாம்.

காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் கூரைமேல் சைக்கிள் இருப்பது, தாழ்வான அடித்தள பார்க்கிங்குக்குள் நுழையும் அந்த ஒரு நொடியில் மட்டும் மனிதருக்கு மறந்துபோகும். ஆகவே பின்னால் மாட்டும் கேரியர். அதற்குக் காரில் வண்டி இழுக்கிற கொக்கி வேண்டும். இல்லாத காருக்குப் போட வேண்டும். போட்டால் மின்சாரமும் இழுக்க வேண்டும், ஏனென்றால் கேரியர் பின்விளக்குகளை மறைக்கும், மறைத்தால் கேரியருக்குத் தனி விளக்கு, அந்த விளக்குக்கு 13 முனை ப்ளக். நம்பர் பிளேட்டும் மறையும். ஆகவே மூன்றாவதாக ஒரு நம்பர் பிளேட்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பின்னாலுக்குப் பின்னால் ஒன்று. முதல் இரண்டிலும் அரசு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவதில் வேண்டியதில்லை. இந்த நுணுக்கத்தைக் கட்டுரைக்காரர் ஸ்டுட்கார்ட் தமிழர் வீட்டு விருந்துகளில் விளக்கியிருக்கிறார். சாம்பார் ஆறும்வரை விளக்கியிருக்கிறார்.

அதோடு முடிகிறதா? கொக்கி தாங்குகிற எடைக்கு வரம்பு உண்டு. வரம்பு 75 கிலோ, கேரியர் 18 கிலோ என்றால் மிச்சம் 57. அதில் 25 கிலோ மின்சைக்கிள் இரண்டை ஏற்றினால் கைவசம் 7 கிலோ. மூன்றாவது சைக்கிளோடு வருகிற நண்பரிடம் இதைக் கணக்காகச் சொன்னால் மனஸ்தாபம். சைக்கிள்களை எதிரெதிர்த் திசையில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடிகள் மல்லுக்கட்டும். அப்படி நிறுத்தினாலும் இதன் பெடல் அதன் கார்பன் சட்டத்தைக் குத்தும். நடுவே பழைய வேட்டி ஒன்றைச் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் வேட்டி முனை அவிழ்ந்து பறந்தால் பின்னால் வருகிறவர்கள் விளக்கைச் சிமிட்டி எச்சரிப்பார்கள். வேக வரம்பே இல்லாத நீளங்கள் உள்ள நாட்டில், கேரியர் மாட்டியவர் பெரும்பாலும் 130ஐத் தாண்டக் கூடாது என்று கேரியருக்கான கையேடு சொல்லும். கவலை இல்லை. விடுமுறை நாளில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கார்ல்ஸ்ரூ பக்கம் போகும் ஏ8 சாலையில் 13ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.

அந்த நெரிசலில் பசிக்கும். புளியோதரை டப்பா டிக்கிக்குள் இருக்கும். டிக்கியைத் திறக்க வேண்டுமென்றால் கேரியரைச் சைக்கிள்களோடு பின்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்க்க ஒரு காலால் மிதிவிசையை அமுக்கியபடி இரு கைகளாலும் 50 கிலோவைத் தாங்க வேண்டும். மூன்றாவது கை டப்பாவை எடுக்கும்.

“ஏங்க, ரயில்லயே போயிருக்கலாமே?” என்று கேட்டார் மனைவி.

போயிருக்கலாம். சனி, ஞாயிறுகளில் கருங்காடு இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் பெரும்பாலான உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஃபிராய்டன்ஷ்டாட்டுக்கு ரயில் போகிறது, இறங்கினால் காடு. இன்னும் தெற்கே ராபர்ட் கெர்விக் வடிவமைத்த, 1873இல் முழுதாகத் திறக்கப்பட்ட மலை ரயில் பாதை இருக்கிறது. மலையைச் சுற்றி ஏறும் வளைவுகளும் முப்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்களும் கொண்ட அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். கட்டுரைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் ரயிலில் கூட்டம் இருக்கும் என்பது அவர் வாதம். நின்றுபோன ஏ8இல், முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள் நிற்க, இந்த வாதத்தை அவர் உறுதியாகவே முன்வைத்தார்.

ஒருவழியாகக் குறுக்குத் தடையைத் தாண்டினால் உள்ளே வேறொரு போக்குவரத்து. செங்குத்தான ஏற்றத்தில் கட்டுரைக்காரர் கடைசிப் பல்சக்கரத்துக்கு வந்து, நாக்கு தள்ள மிதித்துக்கொண்டிருக்கும்போது, எழுபது வயதுத் தம்பதியர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே மின்சைக்கிளில் கடந்துபோவார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மோட்டார் துணை செய்யும். 250 வாட்டுக்குள் இருந்தால் சட்டப்படி அது வெறும் சைக்கிள். கடந்துபோவதைக்கூட மன்னிக்கலாம். போகிறபோது மூச்சு வாங்காமல் தெளிவாக “ஹலோ” சொல்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. பதில் சொல்லவோ மூச்சு மிச்சமில்லை.

இதற்கிடையே மரம் வெட்டுகிறார்கள் என்று பாதை அடைபட்டிருக்கும். உயிராபத்து என்று எழுதிய பலகையைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் கீழே இறங்கிச் சுற்றினால், அகலமான சரளைச் சாலை மெல்ல மெல்ல ஒல்லியாகி ஒற்றையடிப் பாதை ஆகிவிடும். அங்கேதான் சட்டம் காத்திருக்கிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில வனச் சட்டப்படி, 2 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. 1995இல் வந்த விதி. பின்னாளில் 50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தும் விதி அசையவில்லை.

இதில் கட்டுரைக்காரரை உறுத்துவது வரலாறு. சைக்கிளின் மூதாதையான, காலால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியைச் செய்தவர் கார்ல் ஃபான் டிரைஸ். 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து அதை ஓட்டிக் காட்டினார். அவர் என்ன உத்தியோகம்? வன அதிகாரி. அதுவும் இதே பாடன் நாட்டில், சம்பளம் நிற்காமல் வேலையிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு. வன அதிகாரி கண்டுபிடித்த வண்டியை வனச் சட்டம் தடுப்பதா என்று கட்டுரைக்காரர் கொதிக்கிறார். நடக்கிறவர்கள் கொதித்ததும் அன்றைக்கே தொடங்கியதுதான். அதே ஆண்டு டிசம்பரில் மன்ஹைம் நடைபாதைகளில் அந்த வண்டிக்குத் தடை வந்தது. பிறகு மிலான், லண்டன், 1820இல் கல்கத்தா வரை தடை பரவியது.

நடக்கிறவர்களுக்கு இங்கே மூப்பும் உண்டு. கருங்காட்டு நடையர் சங்கம் 1864இல் தொடங்கியது. ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசல் வரை போகும் புகழ்பெற்ற மேற்குப் பாதையை 1900இலேயே அடையாளமிட்டுவிட்டார்கள். போன ஞாயிறு எதிரில் வந்த பெரியவர் அந்த மூப்பையெல்லாம் முகத்தில் தாங்கி வந்தார். இது நடக்கிற பாதை, 2 மீட்டர் இல்லை, என்றார். இருக்கிறது, என்றார் கட்டுரைக்காரர். பெரியவர் தன் கைத்தடியைக் குறுக்கே வைத்து அளந்தார். ஓரத்துப் புல்லையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றார் கட்டுரைக்காரர். புல் காட்டைச் சேர்ந்தது, பாதையைச் சேர்ந்தது அல்ல, என்றார் பெரியவர். பெரியவரின் நாய் சரிபாதியில் படுத்துக்கொண்டது.

இந்த ஆராய்ச்சி நடக்கும்போது பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. மின்சைக்கிள் தம்பதியர், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு குடும்பம், குச்சி ஊன்றி நடக்கும் நால்வர், அவர்களுக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டு யாரோ. கொஞ்சம் ஓரமாக நின்று பேசக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். ஓரம் எது என்பதுதானே பிரச்சினை என்று பெரியவரும் கட்டுரைக்காரரும் ஒரே குரலில் அவர்மேல் பாய்ந்தார்கள்.