பல்லு மட்டும்தான் மிச்சம் மாப்ளே

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. ராமேஸ்வரம் போயிட்டு வந்தியாமே! அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போன ஆளு அக்னி தீர்த்தத்துல முங்கவே இல்லையாம். கரையில நின்னு சொம்புல மோந்து தலையில தெளிச்சுக்கிட்டுத் திரும்பிட்டயாம். உங்க அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. அங்கிட்டுக் கடலு அலையே இல்லாம கிடக்கும். முழங்கால் தண்ணியில கைப்பிள்ளைகளை உக்கார வச்சுக் குளிப்பாட்டுவாக. நீ மட்டும் கண்ணுக்கு மேல கையை வச்சுக்கிட்டு, தூரத்துல ஏதாச்சும் முதுகு தெரியுதான்னு பாத்துக்கிட்டே நின்னியாம். முந்தின ராத்திரி பஸ்ஸுல செல்போன்ல அந்த ராட்சசச் சுறா படத்தைப் பாத்த வினை.

தப்பில்ல. திண்டுக்கல்காரனுக்குக் கடல் பயம் வர்றதுல ஒரு நியாயம் இருக்கு. குறுக்கால பறந்து போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல போனாத்தான் நமக்கு உப்புத் தண்ணி. குடகனாத்துல நாலு முழம் தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊரு இது. பயப்படு, வேண்டாங்கல. ஆனா ஒரு மூட்டை வெங்காயத்துக்கே ரெண்டு தரம் எடை பாக்குற யாவாரி நீ, பயத்தை மட்டும் எடை போடாம வாங்கிட்டு வரலாமா?

மொதல்ல உன்னைப் பயமுறுத்துனவுக கணக்கைப் பாப்போம். ஸ்டீவ் ஆல்டன்னு ஒரு அமெரிக்காக்காரர் 1997-ல ‘மெக்’னு ஒரு நாவல் எழுதுனாரு. 2018 ஆகஸ்டுல ஜான் டர்டில்டாப் அதைப் படமா எடுத்து விட்டாரு. ஜேசன் ஸ்டேத்தம் ஹீரோ, கூட சீனத்து நடிகை லீ பிங்பிங். உலகம் பூரா 53 கோடி டாலர் வசூல். அன்னைக்கு விலையில நம்ம காசுக்கு மூவாயிரத்து ஐநூறு கோடிக்கு மேல. மனுஷன் பயத்துக்கு அம்புட்டு விலை. அதுல உன் பங்கு எம்புட்டுன்னு கேக்க மாட்டேன். எவனாச்சும் அனுப்புன லிங்க்குல ஓசியில பாத்திருப்ப. ஓசியில வந்த பயத்துக்கா அப்பன் திதியில முங்காம வந்த?

படத்துல ஒரு குட்டி நாய் வரும், பிப்பின்னு பேரு. கடைசியில சீனாவுல ஒரு கடற்கரை, சனம் பூரா ரப்பர் வளையத்தை மாட்டிக்கிட்டு மிதக்குது, அடியில சுறா. அந்த நேரம் பாத்து நாயும் தண்ணிக்குள்ள. பேர் தெரியாத ஆளுக எத்தனையோ பேரு வாய்க்குள்ள போனாக, ஒருத்தனும் ‘உச்’ கொட்டல. நாய்க்குத்தான் கொட்டகையே பதறும். நாயி பொழைச்சு வந்துரும். டைரக்டர் வெவரமான ஆளு. மனுஷனைக் கொன்னா சனம் கை தட்டும், நாயைக் கொன்னா டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கும்.

சரி, மெகலடான்னு பேரு வச்ச அந்தச் சுறா எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு காட்டுனாக? பசிபிக் கடல்ல மரியானாப் பள்ளத்துல. பதினோரு கிலோமீட்டர் ஆழம். அஞ்சு கொடைக்கானல் மலையை ஒண்ணுமேல ஒண்ணா உள்ள எறக்கினாலும் மேல தலை தெரியாது. அங்க தண்ணி அழுத்துற அழுத்தம் நாம இருக்குற எடத்தைப் போல ஆயிரம் மடங்கு. குளிரு உறையுற பக்கம். சாதாரண மீனே எட்டேகால், எட்டரை கிலோமீட்டருக்குக் கீழ எவன் கேமராவுலயும் மாட்டல. மெகலடானோ வெதுவெதுப்பான கடல்ல, கரையோரமா, திமிங்கிலத்தைத் தின்னு வளந்த சாதி. அம்புட்டு உடம்பை வச்சுக்கிட்டு அந்தப் பாதாளத்துல எதைத் தின்னும்? படத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு மேகம் ஒண்ணை மூடியாப் போட்டு, அதுக்குக் கீழ சூடான கடல் ஒண்ணு இருக்குன்னு சமாளிச்சாக. ரெண்டாம் ஆட்டத்துல தூக்கக் கலக்கத்தோட பாத்தா நம்பத்தான் தோணும்.

அந்தச் சுறா பொய் இல்ல மாப்ளே, நெசமாவே இருந்துச்சு. ஏறக்குறைய 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி வந்து, 36 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி போய்ச் சேந்துருச்சு. கடல் குளுந்துச்சு, இரை இடம் மாறிப் போச்சு, இன்னைக்கு இருக்குற பெரிய வெள்ளைச் சுறாவோட முன்னோர் பங்குக்கு வந்து நின்னாக. சாட்சிக்கு விட்டுட்டுப் போனது பெரும்பாலும் பல்லுதான். அதுல பெரிய பல்லு முக்காச் சாணுக்கு இருக்கும். ஒரு காலத்துல ஐரோப்பாவுல அதைக் கல்லாப்போன பாம்பு நாக்குன்னு நம்பி, விஷம் முறிக்கும்னு வச்சிருந்தாக. 1660-கள்ல ஸ்டெனோன்னு ஒருத்தர், பிடிபட்ட பெரிய சுறாத் தலையை அறுத்துப் பாத்துட்டு, இது நாக்கும் இல்ல மூக்கும் இல்ல, பல்லுன்னு சொன்னாரு. பெல்ஜியத்துல ஒரு முதுகுத் தண்டு இருக்கு, 11 மீட்டரு; தலையுமில்ல, வாலுமில்ல. அதை வச்சுக்கிட்டு ஒருத்தர் 15 மீட்டருங்காரு, ஒருத்தர் 18-ங்காரு. சினிமாக்காரன் 75 அடின்னு, அதாவது 23 மீட்டர்னு, விளம்பரம் பண்ணப்போ படிச்சவுக எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சாக. 2025-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு பாரு, 24 மீட்டர் வரைக்கும் இருந்திருக்கலாம்னு! சிரிச்சவுக வாயை மூடிக்கிட்டாக. நானும்தான்.

ஆனா 2023-ல வந்த ரெண்டாம் படத்துக்கு நான் வாயை மூட மாட்டேன். ஆரம்பத்துலயே கரையோரம் நிக்கிற டைனோசரை, அந்த டி-ரெக்ஸை, மெகலடான் எம்பிக் கவ்வி இழுத்துட்டுப் போகும். டி-ரெக்ஸ் செத்து 6.6 கோடி வருஷம் ஆச்சு. மெகலடான் பொறந்ததே அதுக்கு அப்புறம் 4 கோடி வருஷத்துக்கு மேல கழிச்சு. என் கல்யாணத்துல என் கொள்ளுப்பேரன் வந்து மொய் எழுதுன கதையா இருக்கு. மொய் நோட்டுல பேரு இருக்குன்னு நீயும் நம்புற.

அதைவிட ஒண்ணு சொல்றேன். உன் சுறா கோடி வருஷத்துக் கிழவன்னுதானே நடுங்குற? வெளிய வந்து நிமுந்து பாரு, நம்ம மலைக்கோட்டைப் பாறை. அதுக்கு வயசு 50 கோடிக்கு மேல. பூமிக்கு அடியில வெந்து உருமாறி வந்த கல்லு. சுறான்னு ஒரு சாதி உலகத்துல தலையெடுக்குறதுக்கு முந்தியே அது உக்காந்துருச்சு. நாயக்கரு கோட்டை கட்டுனதும், ஹைதர் அலி பீரங்கி ஏத்துனதும் அதுக்கு நேத்து ராத்திரி நடந்த சமாச்சாரம். வேடசந்தூர்ப் பக்கம் கரிக்காலியிலகூடச் சுண்ணாம்புக்கல் வெட்டுறாக, அதுவும் வெந்த கல்லுதான். அதுல கிளிஞ்சலோ பல்லோ தேடினா கிடைக்காது. அதனால நம்ம தாலுகாவுல சுறா இல்ல, அதோட பல்லும் இல்ல. நிம்மதியாக் கிணத்துல எறங்கிக் குளி.

கடல் பூதத்தைப் பாத்தே தீருவேன்னா திருச்சிக்குப் போயி பஸ்ஸு மாறு. பெரம்பலூர் ஜில்லாவுல காரைன்னு ஒரு ஊரு, அதுக்கு அங்கிட்டு அரியலூரு. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பூமி பூராக் கடலு. காரையில செம்மண்ணும் வெளுத்த களிமண்ணுமா ஓடை ஓடையா அரிச்சுக் கிடக்கும், ஒரு மரம் நெழலுக்கு இருக்காது. அந்த மண்ணுல அம்மோனைட்டுன்னு சுருள் சுருளாக் கல்லாப்போன கடல் பிராணி, சுறாப் பல்லு, இக்தியோசாருங்கிற கடல் ஊர்வனத்தோட எலும்பு எல்லாம் கிடைச்சிருக்கு. மெகலடான் பல்லு இல்ல, சொல்லிப்புட்டேன். அது பொறக்குறதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முந்துன சுறா. 1840-கள்லயே காயே, கன்லிஃப்னு ரெண்டு வெள்ளைக்காரக வந்து கல்லைப் பொறுக்கிச் சீமைக்கு அனுப்பினாக. அதுக்கப்புறம் பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கான்னு ஆளுக வண்டி வண்டியா எழுதி வச்சுட்டுப் போனாக. பக்கத்துல சாத்தனூர்ல ஒரு மரம், 18 மீட்டர், முழுசாக் கல்லாப் படுத்துக் கிடக்கு. அன்னைக்குக் கடலுக்குள்ள அடிச்சுட்டு வந்த மரம். எம்.எஸ். கிருஷ்ணன்னு நம்மாளு 1940-ல கண்டு சொன்னாரு. கப்பல் அனுப்பிக் கடாரத்தை ஜெயிச்ச ராசேந்திர சோழன் தலைநகரம் கட்டினதும் அதே அரியலூர் ஜில்லாவுலதான். வாரணவாசியில கவர்மெண்டு அருங்காட்சியகமும் இருக்கு. போனா கண்ணால பாரு, சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துராத. உன் கை எனக்குத் தெரியும்.

போகவே சோம்பலா இருந்தா வீட்டுச் சுவத்தைத் தொட்டுப் பாரு. அரியலூரு, டால்மியாபுரம் பக்கமெல்லாம் ஏன் வரிசையா சிமெண்டு ஆலை? அந்தக் கடல்ல வாழ்ந்து செத்த பவளமும் சிப்பியும் பாசியும் சேந்த சுண்ணாம்புக்கல்லு. வெட்டி, அரைச்சு, சுட்டு, மூட்டை கட்டி அனுப்புறாக. நீ போன வருஷம் மாடி எடுத்தப்போ எறக்கின மூட்டையில அந்தக் கடலும் கொஞ்சம் இருந்திருக்கும். சுறாவுக்குப் பயந்து கடல் பக்கமே போகாதவன் கடலுக்குள்ளயேதான் பாய் விரிச்சுப் படுத்திருக்க. 1953-ல அந்த ஊருக்கு டால்மியாபுரம்னு பேரு கூடாது, கல்லக்குடின்னு வைன்னு கலைஞர் தண்டவாளத்துல படுத்தாரு. ஊரு யாரு பேருலன்னு கேட்டு அம்புட்டுப் பெரிய போராட்டம். கல்லு எந்தக் காலத்துக் கடலோட சொத்துன்னு கேக்கத்தான் ஆளில்ல.

ராட்சசப் பிராணின்னாலும் நம்ம கைவசம் ஒண்ணு இருந்துச்சு மாப்ளே. அதே அரியலூருப் பக்கம் கல்லமேட்டுல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு நிபுணருக தோண்டி எடுத்து, 1987-ல பேரு வச்சாக: பிருஹத்காயசாரஸ். டைனோசருல ஒரு சாதி. கால் எலும்பை அளந்து, நூறு டன்னுக்கு மேல இருந்திருக்கும்னு இப்பக் கணக்குச் சொல்றாக. தரையில நடந்ததுலயே பெருசு இதுதானோன்னு உலகம் பூரா வாதம். எலும்பைக் காட்டுன்னு கேட்டா? வழியிலயே பொடிப்பொடியா உதுந்து போச்சாம். மிச்சம் படமும் குறிப்பும்தான். இதே அமெரிக்காவுல நடந்திருந்தா மூணு பாகம் சினிமா எடுத்து, பொம்மை வித்து, நம்ம பிள்ளைகளுக்கே பனியன் அனுப்பியிருப்பான். நமக்கு எலும்பை மூடி வைக்க ஒரு நல்ல பொட்டி அமையல, இத்தனைக்கும் பூட்டுக்குப் பேர் போன ஊரு நூத்தி எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

இன்னொண்ணு காதுல போட்டுக்க. 2013-ல டிஸ்கவரி சேனல்காரன் மெகலடான் இன்னும் உசுரோட இருக்குன்னு ஒரு படம் காட்டுனான். விஞ்ஞானின்னு வந்து பேசுனவுக பூரா நடிகருக. 48 லட்சம் பேரு பாத்தாக, பாதிப் பேருக்கு மேல நம்பியும் இருப்பாக. இப்ப அதுலயிருந்து வெட்டுன துண்டுதான் உன் வாட்ஸப்புக்கு வருது, ‘அதிர்ச்சி’ன்னு செவப்பு எழுத்துல. அந்த எழுத்தைக் கண்டா போனைக் கமுத்தி வச்சுட்டு ஒரு டீ சாப்பிடு.

கடைசியா வரவு செலவு. சும்மா கிடந்த மனுஷனைச் சுறா கடிச்சு, உலகம் பூரா வருஷத்துக்குச் சாகுறது சராசரியா ஆறேழு பேரு. மனுஷன் வலையில வருஷத்துக்குச் சாகுற சுறா எட்டுக் கோடி பக்கம். இப்ப யாரு யாரைப் பாத்து நடுங்கணும்? ஐஸ்ல வச்ச சுறாவுக்குப் பேசத் தெரிஞ்சா உன் மூஞ்சியைத்தான் போஸ்டர்ல போடும். திமிங்கிலச் சுறாவையும் வேளாவையும் 2001-லயே பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு. நீயோ வத்தலக்குண்டு ரோட்டுல ஹெல்மெட் இல்லாம, ஒரு கையில போனை வச்சுக்கிட்டு லாரிக்கு நடுவுல பூந்து போற. அதுக்கு ஒரு நாளும் நடுங்கி நான் பாத்ததில்ல.

சரி, கதை பேசினது போதும். என் மக பிள்ளை பெத்து வந்து படுத்திருக்கா. உங்க அத்தை சுறாப் புட்டுக் கிண்டணும்னு பால்சுறா வாங்கியாரச் சொல்லுறா. சின்னச் சாதியாவே பாத்து வாங்கு. பெரிய சுறா உடம்புல பாதரசம் சேரும்னு டாக்டரு சொல்றாக. மஞ்சள் போட்டு வேக வச்சு, சொரசொரன்னு இருக்குற தோலை உரிச்சுப் பிழிஞ்சா பூவா உதுந்துரும், முள்ளுத் தொந்தரவு கிடையாது. ஒடம்பு பூராக் குருத்தெலும்பு, அதான். அந்த மெகலடானும் இதே வகையறாதான், அதனாலதான் அம்புட்டுப் பெரிய உடம்புக்கு பல்லைத் தவிரப் பெருசா ஒண்ணும் மிஞ்சல. கொடைக்கானல் மலைப்பூண்டு நெறையா, ஒட்டன்சத்திரத்துச் சின்ன வெங்காயம் ஒரு படி. உரிக்கிற வேலை உனக்குத்தான். கண்ணுல தண்ணி வந்தா, செத்த சுறாவுக்காக அழுகுறேன்னு சொல்லிக்க, யாரும் சிரிக்க மாட்டாக.