போர்டை முதல்ல மாட்டு கண்ணு

வேலையை விட்டுப்போட்டு வந்துட்டியாமா? உன்ற அம்மா காத்தாலயே வந்து அழுதுட்டுப் போச்சு. நாந்தான் சமாதானம் சொன்னேன், "பையன் சொந்தமா பட்டறை போடறான், பெருமைப்படு புள்ளை"ன்னு. "பட்டறைன்னு சொல்லாதீங்க அப்பிச்சி, இஞ்சினியரிங் கம்பெனி"ன்னு நீ மூஞ்சியைச் சுளிக்கறது தெரியுது. செரி, கம்பெனியே.

அப்படின்னா முதல்ல போர்டு. அதுல ‘பிரிசிஷன்’ங்கற வார்த்தை கட்டாயம் இருக்கோணும். கோயமுத்தூர்ல அந்த வார்த்தை இல்லாத பட்டறைக்குக் கரண்டே குடுக்க மாட்டாங்களாட்ட இருக்குது. கார்டுல ‘மேனேஜிங் டைரக்டர்’னு போட்டுக்க. மெஷினைத் துடைக்கறதும் டெம்போவுல சரக்கு ஏத்தறதும் அதே டைரக்டர்தான்னு யாருக்கும் தெரிய வேண்டியதில்ல.

அடுத்தது மெஷின். பழைய லேத்து ஒண்ணை வாங்கி ஆரம்பிக்கறது உன்ற படிப்புக்குக் கேவலம். லோன்ல புது சி.என்.சி. லேத்து எடுத்துரு. ஆர்டர் மெதுவா வரட்டும். தவணை தேதி தவறாம வந்துரும். கறவை வத்துன மாடாட்ட, கறக்காட்டியும் தீனி கேக்கும். கரண்டு பில்லும் லேசுப்பட்டதில்ல, மெஷின் சும்மா நின்னாலும் வாங்குன கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் உண்டு. நீட்ஸ் திட்டத்துல 25 சதவீதம், 75 லட்சம் வரைக்கும் மானியம் இருக்குதுன்னு நேத்து சொன்னியே, நல்ல திட்டந்தான். மீதி 75 சதவீதத்தை யாரு கட்டறதுன்னு மட்டும் இப்பக் கேக்காத, அபசகுனம்.

விலை போடறதுக்கு டிராயிங்கை முழுசாப் பாக்கோணும்னு இல்ல. நீளமும் விட்டமும் பாத்தாப் போதும். விட்டம் 25 மில்லின்னு இருக்கற எடத்துல, பக்கத்துலயே பொடி எழுத்துல எச்-6ன்னு ஒண்ணு இருக்கும். அதைக் கண்டுக்காத. நானும் லேத்துல நின்ன காலம் உண்டு, அதனால சொல்றேன். அந்தப் பொடி எழுத்துக்கு என்ன அர்த்தம்னா, 25-க்கு மேல ஒரு மைக்ரான் போகப்படாது. கீழ போனா 13 மைக்ரான் வரைக்குந்தான். உன்ற தலைமயிரு தடிமன்ல அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறுமோ என்னமோ. நீ டர்னிங் முடிச்சு வெர்னியர்ல அளந்து, பெயிண்ட்ல டிக் போட்டு அனுப்பு. கஸ்டமர் கம்பெனியில மைக்ரோமீட்டரை வெச்சுட்டு ஒருத்தர் உக்காந்திருப்பாரு. சரக்கு மொத்தமும் திரும்பி வந்து வாசல்ல எறங்கறப்பத்தான், இதைக் கிரைண்டிங்குக்கு வெளிய குடுத்திருக்கோணும்னு உனக்கு ஞாபகம் வரும். அந்தக் கூலி உன்ற கொட்டேசன்ல இருக்காது.

கொட்டேசன் எப்படிப் போடறதுங்கறியா? பக்கத்துப் பட்டறைக்காரன் விலையைக் கேட்டு ரெண்டு ரூபா கொறைச்சுப் போடு. அவனும் அவன் பக்கத்துக்காரனைக் கேட்டு அப்படித்தான் போட்டிருக்கான். இன்சர்ட் தேயறது, செட்டிங் போடற நேரம், ரிஜெக்சன், உன்ற சம்பளம் இதையெல்லாம் சேத்துனா அப்பறம் ஆர்டர் யாரு குடுப்பாங்க?

இப்ப நீ ஜி.டி. நாயுடு கதையை எடுப்பே. பட்டறை போடற பசங்க எல்லாரும் எடுக்கறாங்க. 1937-ல டி. பாலசுந்தரமும் அவரும் சேந்து கரண்டு மோட்டார் செஞ்சது வாஸ்தவந்தான். அதுக்கு முன்னால, 1920-ல ஒத்தை பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டுன கதையை மட்டும் எல்லாரும் தாண்டிப் போயிடறீங்க. பஸ்ஸுல ஏறுனவன் அன்னைக்கே டிக்கெட் காசைக் குடுத்தான். பில்லைக் குடுத்துட்டுப் போங்க, 90 நாள்ல தாரேன்னு எவனும் பழனியில எறங்கிப் போகல. மோட்டாரு அப்பறம் வந்துச்சு கண்ணு, டிக்கெட் காசு முன்னாலயே வந்துச்சு.

உன்ற பொழப்பு அப்படியில்ல. இரும்பு வாங்கறது ரொக்கம், ஆளுக்குக் கூலி சனிக்கிழமை. லட்ச ரூபாய்க்கு 18 சதவீதத்துல பில் போட்டீன்னா, இரும்பு வாங்குனதுல கட்டுன வரியைக் கழிச்சுட்டு மீதி ஜி.எஸ்.டி.யை அடுத்த மாசம் 20-ந்தேதிக்குள்ள கட்டிப்போடோணும். அந்த லட்சம் உன்ற கைக்கு வந்துச்சான்னு சர்க்கார் கேக்காது.

சட்டம் இருக்குதுங்கறே. இருக்குது, ஒத்துக்கறேன். உத்யம்ங்கற சிறுதொழில் பதிவைப் போட்டு வெச்சுக்க, அது இலவசம். சிறு, குறுந்தொழில்காரனுக்கு 45 நாளுக்குள்ள காசைக் குடுத்தாகோணும்னு 2006-லயே சட்டம் வந்துருச்சு. தவறுனா ரிசர்வ் பேங்கு வீதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. 2024 ஏப்ரல்லருந்து, கெடு தாண்டுனா காசு குடுக்கற வரைக்கும் அந்தச் செலவை வருமான வரியில கழிக்க முடியாதுன்னும் ஆக்கிப்போட்டாங்க. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு அந்தச் சட்டத்தைத் தூக்கிட்டு உன்ற ஒரே கஸ்டமர்கிட்டப் போ. காப்பி குடுப்பாங்க. அடுத்த மாச ஆர்டரை, போர்டுல இன்னும் பெருசா ‘பிரிசிஷன்’ போட்டவனுக்குக் குடுப்பாங்க.

கோழைப் பசங்க சிலபேரு வேற மாதிரி பண்றாங்க. சம்பளத்துல இருக்கறப்பவே, எந்தக் கம்பெனி எத்தனாம் நாள் காசு குடுக்குதுன்னு இரும்புக் கடைக்காரரையும் டெம்போக்காரரையும் டீக்கடையில வெச்சு விசாரிச்சுக்கறாங்க. முதல்ல கஸ்டமரோட இரும்பையே வாங்கி, கூலிக்கு மட்டும் ஜாப் ஒர்க் பண்றாங்க, சொந்தக் காசு முடங்கறதில்லன்னு. ரெண்டு மூணு கஸ்டமர் சேந்த பொறகுதான் மெஷினுக்கு லோன் கேக்கறாங்க. அஞ்சாறு மாசக் கூலிக் காசைப் பேங்குல போட்டு வெச்சுட்டுத் தொடவே மாட்டாங்க. கஞ்சப் பசங்க. போர்டுகூட ரெண்டு வருசம் கழிச்சுத்தான் மாட்டறாங்க, அதுலயும் எழுத்து மங்கல்.

உனக்கெதுக்கு அதெல்லாம்? சின்னவேடம்பட்டியில நம்ம ஷெட்டு காலியாத்தான் கிடக்குது. முந்தி இருந்த பையனும் பி.இ.தான், புது மெஷின்தான். அவன் விட்டுட்டுப் போன போர்டு மூலையில இருக்குது. பேரை மட்டும் அழிச்சுக்கலாம், ‘பிரிசிஷன்’ அப்படியே இருக்கட்டும். அட்வான்சு பத்து மாசம், வாடகை அஞ்சாந்தேதி. பேரனாச்சேன்னு 45 நாள் கணக்கெல்லாம் எங்கிட்டக் கொண்டு வரப்படாது, ஆமா.