ராஜபார்ட் ஆக விரும்புவோர் அறிய வேண்டிய சொற்கள்

நகரத்துப் பட்டறை ஒன்றில் பிளாக்கிங், சப்டெக்ஸ்ட், நான்காவது சுவர் என்று மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டு, ஸ்பெஷல் நாடகத்திலும் ஒரு கை பார்க்கலாமென்று மதுரைக்கு பஸ் ஏறியிருக்கிறீர்கள். நல்லது. அந்த மூன்றையும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்து மறக்க வேண்டியது ரிகர்சல். புதுக்கோட்டையிலிருந்து வள்ளி வருவார், திண்டுக்கல்லிலிருந்து நாரதர், காரைக்குடிப் பக்கமிருந்து பபூன். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி முடிப்பதால்தான் இது ஸ்பெஷல் நாடகம். இவர்கள் அன்றைக்கு ஒன்றாகச் சந்திப்பதே ராத்திரி மேடைக்குப் பின்னால், முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான். "டைரக்டர் யாருங்க?" என்று அங்கே கேட்டுவைக்காதீர்கள். டீ வாங்கப் போன பையனைத் தேடுகிறீர்கள் என்று நினைப்பார்கள்.

டைரக்டர் மாதிரி ஒருவர் உண்டு. அவர் ஹார்மோனியக்காரர். நீங்கள் அடி மறந்தால் எடுத்துக்கொடுப்பார். பின்பாட்டுப் பாடி நீங்கள் மூச்சு வாங்க இடம் தருவார். தனியாக வந்து நிற்கும் பபூனிடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்க்கேள்வி போட்டுச் சிரிப்பைக் கிளப்புவார். சாமிக்கு அடுத்த வணக்கம் அவருக்கு. மிருதங்கத்துக்கும் ஒரு வணக்கம். ஆல்ரவுண்ட் என்று அழைக்கப்படுபவர் கிரிக்கெட்டுக்காரர் அல்லர். சில்லறைத் தாளக் கருவிகளை எல்லாம் சுற்றி வைத்துக்கொண்டு, நீங்கள் விழும்போதும் எழும்போதும் சத்தம் கொடுப்பவர். அவரைப் பகைத்துக்கொண்டால் உங்கள் வீர நடை வெறும் நடையாகிவிடும்.

"நான் முருகனாக நடிக்கிறேன்" என்று சொல்லக் கூடாது. "ராஜபார்ட்" என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு வள்ளி திருமணத்தில் முருகன், நாளைக்குப் பவளக்கொடியில் அர்ச்சுனன், அதற்கடுத்த நாள் அரிச்சந்திரன். எல்லாம் ஒரே பார்ட்தான். பெட்டியில் இருக்கும் கிரீடமும் ஒன்றுதான். பாத்திரத்தின் உள்மன நோக்கம் என்ன என்று பட்டறையில் உங்களைக் குடைந்திருப்பார்கள். இங்கே நோக்கம் விடிவதற்குள் வள்ளியைக் கல்யாணம் செய்துகொள்வது. அதற்குத் தடையாக நிற்பதுதான் அடுத்த சொல்.

தர்க்கம். இதற்கு மட்டும் பயப்படுங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-இல். அவருடைய வள்ளி திருமணம் இன்றும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. அவர் எழுதியதை நெட்டுருப் போட்டால் போதுமென்று மேடையேறுபவர்கள் பாவம். நீங்கள் வேடனாக வந்து மானைத் தேடுவதாகச் சொல்வீர்கள். எதிரே நிற்கும் ஸ்திரீபார்ட் அம்மா இருபது வருஷமாக வள்ளியாக நின்றவர். என்ன மான், யார் வளர்த்த மான், அதற்கு எந்தப் புராணத்தில் ஆதாரம் என்று ராகம் போட்டுக் கேட்பார். அந்தக் கேள்வி எந்த அச்சுப் புத்தகத்திலும் கிடையாது. அவருடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம். பதில் தெரிந்தால் பாட்டாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இன்னொரு கேள்வியைப் பாட்டாகக் கேளுங்கள். அதுவும் வராவிட்டால் அவருடைய அழகை வர்ணிக்கத் தொடங்குங்கள். கதைப்படி அது குற்றமில்லை. நகரத்தில் இதற்கு இம்ப்ரொவைசேஷன் என்று பெயர் வைத்து, கற்றுத்தரக் கட்டணமும் வாங்குகிறார்கள். இங்கே இது தெரியாதவருக்கு அடுத்த தேதி கிடைக்காது, அவ்வளவுதான்.

பிளாக்கிங்? மைக் எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். நான்காவது சுவர்? முன்வரிசையில் பாய் விரித்துத் தூங்கும் பிள்ளைகள் வேண்டுமானால் அதற்குச் சமானம்.

அந்தச் சுவரையும் உடைப்பது அன்பளிப்பு. நீங்கள் உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மேடையேறி நோட்டை நீட்டுவார். பாட்டை நிறுத்துங்கள். அவர் பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு, என்ன தொகை என்பதை மைக்கில் தெளிவாகச் சொல்லி நன்றி தெரிவித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து உருகுங்கள். அப்பா பெயரைத் தப்பாகச் சொன்னால் முருகன் என்றும் பார்க்க மாட்டார்கள். உணர்ச்சியின் தொடர்ச்சி அறுந்துபோகிறதே என்று வருந்துபவர்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம். அறுந்ததை அரை நொடியில் முடிச்சுப் போடுகிறவர்தான் நடிகர் என்பது என் கட்சி.

நோட்டீஸ் என்பது உங்கள் போட்டோ அச்சாகும் தாள். போட்டோ எந்த வயதில் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. யார் படத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக என்பதற்குத்தான் சண்டை. புதியவர் அதில் தலையிட வேண்டாம்.

கடைசிச் சொல் பாக்கி. மங்களம் பாடி முடிந்ததும் கிரீடத்தைக் கழற்றாமலே விழாக் கமிட்டியாரிடம் போய்க் கேளுங்கள். வேஷத்தோடு நின்றால் சாமிக்குக் கடன் வைப்பதா என்று கொஞ்சம் தயங்குவார்கள். பவுடரைத் துடைத்துவிட்டுப் போனால், "தம்பி எந்த ஊரு?" என்பார்கள்.