பொன்னாடையும் பாலாடையும்

அழைப்பிதழில் என் அத்தையின் பெயர் பதினேழாவது வரியில் இருந்தது. அதற்கு மேலே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை. சிறப்புரைக்கும் பேருரைக்கும் என்ன வித்தியாசம் என்பது, முப்பது வருஷமாக மதுரையில் குடியிருக்கும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சிறப்புரைக்காரரிடம் 'நேரமில்லை' என்று துண்டுச்சீட்டு நீட்டலாம். பேருரைக்காரரிடம் நீட்ட முடியாது; துண்டுச்சீட்டு நீட்டுகிற ஆளே அவருடைய ஆள்.

ஜூலை 8, ஆலயப் பிரவேச நாள். சமூக உரிமைக்குப் போராடியவர்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் விருது. மாலை 5 மணிக்கு விழா என்று போட்டிருந்ததை என் அத்தை அப்படியே நம்பி, மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி மூன்று மணிக்கே மாட்டுத்தாவணியில் இறங்கிவிட்டாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் ஒரு சேலை, வெற்றிலைப் பொட்டலம், ஒரு எவர்சில்வர் தூக்கு.

"தூக்கு எதுக்கு அத்தை?"

"விருந்து போடுவாகள்ல. மிச்சத்த என்னடா செய்யிறது?"

அத்தைக்கு ஏன் விருது என்று சொல்லவேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கான டம்ளர் வெளியே கூரைச் சட்டத்தில் சொருகியிருக்கும். எடுத்து, கழுவி, நீட்டி, மேலேயிருந்து ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டு, மறுபடி கழுவிச் சொருகவேண்டும். ஒருநாள் அத்தை நேரே உள்ளே போய், பெஞ்சில் யாருக்கோ ஆற்றி வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டாள். அவ்வளவுதான் போராட்டம். பேச்சு இல்லை, கோஷம் இல்லை. கடைக்காரர் எறிந்த டம்ளர் இடது புருவத்துக்கு மேலே பட்டு மூன்று தையல். கேஸ், பஞ்சாயத்து, ஊர்விலக்கு எல்லாம் அதற்குப் பிறகு. கேட்டால் அத்தை ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "அன்னைக்குத் தலைவலிடா. சூடா ஒரு டீ வேணும்னு இருந்துச்சு."

மண்டப வாசலில் ஃபிளெக்ஸ். விழாக் கமிட்டித் தலைவர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆலயப் பிரவேசத்தை நடத்திய வைத்தியநாத ஐயர் படம் ஓரத்தில் தபால் தலை அளவில் இருந்தது. ஐயருக்கு 1999இல் தபால் துறை நிஜமாகவே தலை வெளியிட்டது. அளவை அங்கிருந்து எடுத்திருப்பார்கள்.

உள்ளே போனால் நாற்காலிகளுக்குள் வருணாசிரமம். மேடை நடுவே சோபா, அதன் இருபுறமும் மெத்தை வைத்த நாற்காலி, ஓரத்தில் விருதாளர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, கீழே கூட்டத்துக்கு ஜமக்காளம். அத்தையை மேடையோர வர்ணத்தில் சேர்த்தார்கள். துணைக்கு வந்தவன் என்பதால் நான் பின்னால் நின்றேன்.

ஏழு மணிக்குத் தொடங்கியது. தலைமை விருந்தினர் கோரிப்பாளையத்தில் நெரிசலில் நிற்பதாக அறிவித்தார்கள். எட்டு மணிக்கும் அங்கேயேதான் நின்றார்.

ஒரு பேச்சாளர் கோயில் நுழைவைச் சொன்னார். "கக்கன் மற்றும் பலர்" என்றார். 1939 ஜூலை 8 காலை ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்கள் மொத்தமே ஆறு பேர். ஐந்து பேர் அன்று அரிசனங்கள் எனப்பட்டவர்கள், ஒருவர் நாடார். அதில் 'பலர்' எங்கிருந்து முளைத்தார்கள் என்று தெரியவில்லை. நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்றார், கும்பிட்டார்கள், வெளியே வந்தார்கள். சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அழைப்பிதழ் அடிக்காமல் போனதால்தான் காரியம் நடந்தது என்பது என் கட்சி. பதினேழு வரியில் அடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்தால் கோபுர வாசலைப் பூட்டிச் சாவியை எறிந்திருப்பார்கள். பூட்டாவிட்டாலும் ஐயர் இன்னும் வாழ்த்துரை கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்தவர் கக்கனின் எளிமையை எடுத்துக்கொண்டார். எளிமை இருபத்தைந்து நிமிடம் ஓடியது. பத்து வருஷம் மந்திரியாக இருந்து, அதில் போலீஸ் இலாகாவையும் கையில் வைத்திருந்த மனிதர், தும்பைப்பட்டிக்காரர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கிடந்ததையும், வேறொருவரைப் பார்க்கப் போன எம்.ஜி.ஆர். தற்செயலாக அவரைக் கண்டதையும் சொல்லும்போது பேச்சாளருக்குக் குரல் தழுதழுத்தது. தழுதழுத்து முடித்துச் சோபாவுக்குத் திரும்பியவருக்கு ஒருவர் டிஷ்யூ நீட்ட, இன்னொருவர் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்.

பேராசிரியர் ஒருவர் நன்றாகப் பேசினார் (ஆகவே அவரிடம் சீக்கிரமே துண்டுச்சீட்டு போய்விட்டது). 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பிள்ளைகளிடம், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இவரும் உங்களைப்போலத் தீண்டத்தகாதவர்தான் என்று அறிமுகம் செய்தாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருக்கிறது. யோசித்துவிட்டு, ஆமாம், நானும்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். "அவுக ஊர்லயும் டம்ளராடா?"

"தண்ணிக் குழாய் அத்தை. வெள்ளைக்காரருக்கு ஒண்ணு, கறுப்பருக்கு ஒண்ணு."

"கொழாயே ரெண்டா? வசதியான ஊருதேன். நமக்கு ஒண்ணுக்கே வழியில்ல."

எட்டரைக்கு டீ வந்தது. சோபாவுக்கும் மெத்தை நாற்காலிக்கும் பீங்கான் கோப்பை, அடியில் தட்டு, தட்டில் இரண்டு பிஸ்கட். பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சுண்டுவிரல் உயரத்துக்குப் பேப்பர் கப். ஜமக்காளத்துக்கு வந்தால் வரும். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. டீ கொண்டுவந்த பையனுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

அத்தை பேப்பர் கப்பைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். வராத தலைமை விருந்தினருக்கு முன்னால் ஒரு கோப்பை ஆறி, பாலாடை படிந்து, அப்படியே இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. "அத்தை, வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் எழுந்து, மேடை நடுவுக்குப் போய், சுண்டுவிரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு, நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். பிஸ்கட் இரண்டும் முந்தானைக்குள் போயின.

நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்து ஜமக்காளம் கைதட்டியது. அதைப் பார்த்து மேடையும் தட்டியது. தொகுப்பாளர் சமாளித்துக்கொண்டு, "அன்னாரின் தொண்டினைப் பாராட்டி…" என்று ஆரம்பித்துவிட்டார். மதுரையில் 'அன்னார்' கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வருகிற சொல்.

"நான் உசுரோடதேன் இருக்கேன்னு சொல்லுடா" என்றாள் அத்தை. பக்கத்தில் மைக் இருந்தது. அவளுடைய ஏற்புரை அதுதான். வேறு நேரம் தரவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். யார் யாரோ போர்த்தினார்கள். கையிருப்பு மிஞ்சியதால் எனக்கும் ஒன்று விழுந்தது. கையோடு கேடயம் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமை விருந்தினர் கோரிப்பாளையத்திலிருந்து விடுதலையாகி வந்து சேர, கூட்டம் வாசலுக்கு ஓடியது. பையன் அவருக்குப் புதுக் கோப்பை எடுத்துப் போனான். விருந்து போடவில்லை.

மேலூர் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னலோரம் கிடைத்தது. சால்வையை நாலாக மடித்து, பேத்திக்குத் தூளி கட்ட ஆகுமா என்று இழுத்துப் பார்த்தாள், வழவழவென்று நழுவியது. வேண்டாம் என்று முடிச்சுப் போட்டுத் தூக்குக்குள் திணித்தாள். நான் கேடயத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். 'சிறந்த குருதிக் கொடையாளர்' என்று பொறித்திருந்தது. அதே மேடையில் வேறு சில விருதுகளும் கொடுத்தார்கள்; அதில் ஒன்று மாறிவிட்டது.

"அத்தை, இறங்குங்க. இது ரத்தம் குடுத்தவருக்கு உள்ளது. ஓடிப்போய் மாத்திட்டு வந்துரலாம்."

எதுக்கு என்பதுபோல் பார்த்தாள். இடது புருவத்துக்கு மேலே ஒருதடவை விரலை வைத்துத் தேய்த்தாள்.

"விடு மருமகனே. நானும் கொஞ்சம் குடுத்திருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிஸ்கட்டை என்னிடம் நீட்டினாள்.