பொருள்: தகவல் தெரியாமல் நலமாக இருப்பது – தொடர்பாக

அனுப்புநர்:
வாடகைக்கு இருப்பவர்,
சி பிளாக், ஏழாம் மாடி.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
குடியிருப்போர் நலச்சங்கம்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பார்வை: கிளப் ஹவுஸ் வாசல் கண்ணாடிப் பெட்டியில் இன்னும் தொங்கும் 2019 பொங்கல் விழா அறிவிப்பு.

ஐயா,

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்பதால் இந்தத் தபால்.

முதலில் நன்றி. என் வீட்டுக்கு ஒரு பீட்சா வந்தால் இன்டர்காம், செயலி, போன் என்று மூன்று வழியில் என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். தண்ணீர் நிற்பதற்கு மட்டும் யாரும் அனுமதி கேட்பதில்லை. தலையில் சீயக்காயோடு நிற்கும்போதுதான் அன்று தொட்டி கழுவும் நாள் என்று தெரிகிறது.

குழுக்களுக்குக் குறைவில்லை. அபிஷியல், ஓனர்ஸ், சி பிளாக், நாய் வளர்ப்போர், நாயால் பாதிக்கப்பட்டோர். போன வாரம் லாரித் தண்ணீர் வராது என்பதை ஓனர்ஸ் குழுவில் போட்டீர்களாம். என் ஓனர் இருப்பது நியூ ஜெர்சியில். அங்கே பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொண்டாரா என்று விசாரிக்க வேண்டும்.

ஒரே ஒரு செய்தி மட்டும் தேதி தவறாமல் எனக்கே வருகிறது: பராமரிப்புக் கட்டணம் 7,490 ரூபாய். 7,500-ஐத் தாண்டினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்பதால் பத்து ரூபாய் முன்னாலேயே பிரேக் போட்ட சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு. வரவு செலவு கேட்டவரைக் குழுவிலிருந்து தூக்கிய வேகத்துக்கு இன்னொன்று.

கண்ணாடிப் பெட்டியைத் திறக்கலாமே என்றேன். சாவி முன்னாள் செயலாளரிடமாம், அவர் பெங்களூரிலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ராத்திரி நினைவிருக்கும். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. செக்யூரிட்டி அண்ணன்தான் டார்ச்சும் விசிலுமாக மாடி மாடியாக ஏறி, "பேஸ்மென்ட்ல தண்ணி ஏறுது, வண்டிய எடுங்க சார்" என்று கதவைத் தட்டினார். மூன்றாம் நாள் சிக்னல் வந்ததும் போனில் முதலில் விழுந்தது தங்கள் அறிவிப்பு: "பேஸ்மென்ட்டில் தண்ணீர் புக வாய்ப்புள்ளது." அதற்குள் அங்கே தவளை குடிவந்திருந்தது. அண்ணன் இன்றுவரை எந்தக் குழுவிலும் இல்லை.

நாளைக்குக் கரண்ட் கட் என்றால் எங்களுக்கு முந்தின நாளே சொல்வது அயர்ன் அக்கா. அவர் பெட்டி கரியில் ஓடுகிறது. கரண்டால் அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்கிறார்.

அவர் சட்டை சுற்றிக் கொடுத்த பேப்பரில்தான் இதையும் படித்தேன்: 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது; உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம்.

அப்படி ஒரு நாள் முடிவெடுத்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவிக்கச் சிரமப்பட வேண்டாம். கேட்டில் அண்ணன் நிறுத்திவிட்டு இன்டர்காமில் கேட்பார்: "சார், உங்க பிளாக்குக்கு புல்டோசர் வந்திருக்கு. உள்ள விடட்டுமா?"

அயர்னுக்குப் போட்ட துணியை வாங்கிக்கொள்ளும்வரை நிற்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
தகவலுக்குக் காத்திருக்கும்,
சி பிளாக் வாடகைதாரர்.

நகல்: செக்யூரிட்டி அண்ணன், அயர்ன் அக்கா – தகவலுக்காக அல்ல, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.