அணைக்க வந்தவரை அடிக்கலாமா?

கே: தீயணைப்பு வீரர்களையும் ஆம்புலன்ஸ்காரர்களையும் கூடவா அடிப்பார்கள்?

ப: சுட்டே கொன்றிருக்கிறார்கள். 2012 டிசம்பர் 24, விடியற்காலை. நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில் ஒருவன் தீ வைத்துவிட்டு, அணைக்க வருபவர்களைக் குறிவைத்துத் துப்பாக்கியோடு பதுங்கியிருந்தான். வந்தவர்கள் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். இருவர் உயிரிழந்தார்கள், இருவருக்குப் படுகாயம். யாரும் நெருங்க முடியாமல் ஏழு வீடுகள் எரிந்துபோயின.

கே: அது ஒரு வெறியன் செய்தது. மற்றபடி நடக்கிறதா?

ப: 2022 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில், பெர்லினில் தீயணைப்பு வண்டிகள் மீது பட்டாசைக் கொளுத்தி எறிந்தது ஒரு வெறியன் அல்ல, கூட்டம். செய்தியில் வராதவையோ இன்னும் அதிகம்: குத்து, உதை, கடி, எச்சில், வசவு. பெரும்பாலும் நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில்.

கே: தீயணைப்பு வீரருக்கு நோயாளியிடம் என்ன வேலை?

ப: அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்பும் ஆம்புலன்ஸும் ஒரே துறை. தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ அவசரம்தான்.

கே: அடிப்பவர்கள் எல்லோரும் ரவுடிகளா?

ப: இல்லை. சர்க்கரை சட்டென்று இறங்கியவர், வலிப்பு வந்து தெளிகிறவர், தலையில் அடிபட்டவர் ஆகியோருக்குத் தாம் கை ஓங்குவதே தெரியாமல் போகலாம். போதைமருந்து மிஞ்சி மூச்சு அடங்கியவருக்கு நலாக்ஸோன் என்ற முறிமருந்து கொடுத்து எழுப்பினால், மிரண்டுபோய் அடிப்பதுண்டு. இவர்களுக்கு வேண்டியது சிகிச்சை. “ஏன்டா லேட்டு?” என்று சட்டையைப் பிடிக்கிறவருக்கு வேண்டியது வழக்கு.

கே: அடிபட்டவர்கள் புகார் கொடுக்க வேண்டியதுதானே?

ப: பலர் கொடுப்பதில்லை. “இந்த வேலையில இதெல்லாம் சகஜம்” என்று மேலதிகாரி சொல்வார், கூட வேலை செய்பவர் சொல்வார், கடைசியில் அடிபட்டவரே சொல்வார். தீக்குள் இறங்கச் சம்மதித்துத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அறை வாங்கச் சம்மதிக்கவில்லை.

கே: துறை என்ன செய்யலாம்?

ப: பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வுக் குழு இதற்கென்றே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்திருக்கிறது. ‘ஜாக்கிரதையாக இரு’ என்று ஊழியர் தலையில் கட்டாமல், பொறுப்பை நிர்வாகத்தின்மேல் வைப்பதுதான் அதன் சிறப்பு. ஏற்கெனவே கலவரம் நடந்த முகவரி என்றால் வண்டி கிளம்பும்போதே சொல்ல வேண்டும். ஆபத்து தெரிந்தால் போலீஸ் வரும்வரை தள்ளி நிற்க அனுமதி வேண்டும். அடிபட்டவரை அடுத்த அழைப்புக்கு உடனே விரட்டக் கூடாது.

கே: சட்டம் என்ன சொல்கிறது?

ப: இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2018இல் தனிச்சட்டமே வந்தது. ஓராண்டாக இருந்த உச்ச தண்டனையை 2022இல் இரண்டாண்டாக்கினார்கள். இந்தியாவில், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவுப்படி இரண்டாண்டு வரை சிறை. ஆனால் சட்டம் வருவது அடி விழுந்த பிறகு. அடி விழாமல் பார்ப்பது நிர்வாகத்தின் வேலை, நம் வேலை.

கே: நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ப: 101க்கோ 108க்கோ அழைக்கும்போது, அங்கே குடித்துவிட்டுத் தகராறு செய்பவர் இருந்தாலோ, யார் கையிலாவது கத்தி, அரிவாள் இருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். வண்டி தாமதமானால் எழுத்தில் புகார் கொடுங்கள், வந்தவரிடம் பாயாதீர்கள். யாராவது கை ஓங்கினால் செல்போனில் படம் பிடிக்காமல், நாலு பேராகக் கூடித் தடுங்கள். கண்ணாடி உடைந்த வண்டி அடுத்த அழைப்புக்குப் போகாது.