பாடபேதப் பண்டிதர்

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது காபியா, டீயா என்று யாரும் கேட்கவில்லை. "நீங்க முதல்ல ஆடினது எந்த ஃபைனல் ஃபைட்?" என்று கேட்டார்.

எந்த ஃபைனல் ஃபைட்டும் ஆடியதில்லை என்றேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால், புதுப் பையன் கிடைத்த திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. தப்பான பதிப்பில் ஆடிக் கெட்டுப்போனவனைத் திருத்துவது கஷ்டமாம். ஒன்றுமே தெரியாதவன்தான் உத்தமமாம். கையைப் பிடித்து பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போனார். நான் மறுபடி மேலே வந்தபோது இருட்டியிருந்தது.

நியூ ஜெர்சியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அமெரிக்கர். வயது நாற்பத்தைந்து. மற்றபடி சாதாரண மனிதர். ஒழுங்காக வரி கட்டுகிறார், சனிக்கிழமை புல் வெட்டுகிறார், மீட்டிங்கில் கொட்டாவியை மூக்கு வழியாக விடுகிறார். ஆனால் 1989-இல் கேப்காம் கம்பெனி கொண்டுவந்த அந்த ஆர்கேட் விளையாட்டு, பிற்பாடு எத்தனை வேஷத்தில் வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்தது, ஒவ்வொரு வேஷத்திலும் வரும் வழியில் எதை எதைத் தொலைத்தது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எழுப்பாவிட்டாலும் ஒப்பிப்பார் என்று அவர் மனைவி சொல்கிறார்.

இந்த இனம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தில் ஒரு கிளை உண்டு. அவர்கள் இதே விளையாட்டை 1991-இல் யூ.எஸ். கோல்ட் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் கணினிப் பதிப்பில் ஆடி வளர்ந்தவர்கள். அதனால் எதையும் தாங்கும் இதயம் பெற்றவர்கள். ஜப்பானில் இருப்பவர்கள் மூத்த கிளை, அதிகம் பேச மாட்டார்கள். நம் ஆள் அமெரிக்கக் கிளை. பேசுவார்.

கதை இதுதான். மெட்ரோ சிட்டி என்று ஒரு ஊர். அதன் மேயர் ஹாகர், முன்னாள் மல்யுத்த வீரர். மேட் கியர் என்ற ரவுடிக் கும்பல் அவர் மகள் ஜெசிக்காவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மேயர் கமிஷனருக்குப் போன் போடவில்லை, அவசரக் கூட்டம் கூட்டவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நேரே தெருவில் இறங்குகிறார். துணைக்கு மகளின் காதலன் கோடி, அவன் சிநேகிதன் கை என்ற நிஞ்ஜா. வழியில் தகர டிரம்மை உதைத்து உடைத்தால் உள்ளே வறுத்த இறைச்சி தட்டோடு இருக்கும். சாப்பிட்டால் உயிர் கூடும். ஒரு கட்டத்தில் ஊழல் போலீஸ்காரன் ஒருவன் சூயிங்கம்மைத் துப்பிவிட்டுச் சண்டைக்கு வருகிறான். தரையில் கிடக்கும் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாலும் தெம்பு வரும்.

"சீச்சீ" என்றேன்.

"அதையெல்லாம் மன்னிச்சிடலாம்" என்றார் பண்டிதர். "1991-இல் நடந்ததைத்தான் மன்னிக்க முடியாது."

அவருடைய உலகம் இரண்டே கூறு கொண்டது. பீட்சாக் கடை மூலையில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் எந்திரம் மூலம். வீட்டுக்கு வந்தவை எல்லாம் உரை. சில உரைகள் மூலத்தை விளக்கின, சில மறைத்தன, சில மூலத்தைப் படிக்காமலே எழுதப்பட்டன. உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடிப் போய், பிரதிகளை ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அந்தச் சிரத்தையில் கால்வாசி இவரிடம் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இவர் தேடுவது கிடைத்த வரிகளை அல்ல, விட்டுப்போன வரிகளை.

முதல் குற்றவாளி சூப்பர் நின்டெண்டோ. ஜப்பானில் 1990 டிசம்பரிலும் அமெரிக்காவில் அடுத்த வருஷமும் வந்த பதிப்பு. மொத்தமும் 8 மெகாபிட் கார்ட்ரிட்ஜில் அடங்க வேண்டும். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால் ஒரே ஒரு மெகாபைட். இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையின் போட்டோகூட அதைவிடப் பெரிது. அதற்குள் திணிப்பதற்காக என்னென்ன வெட்டினார்கள் என்று பண்டிதர் விரல் மடக்குவார். தரையிலிருந்து நெருப்பு கிளம்பும் தொழிற்சாலைக் கட்டம் போச்சு. அதன் முடிவில் கையெறி குண்டு வீசும் ரொலெண்டோ போச்சு. இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதி போச்சு. ஆர்கேடில் பட்டாளமாக வந்து மொய்த்த ரவுடிகள், இதில் மூன்று மூன்று பேராக டோக்கன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். இதெல்லாம் சின்ன விஷயம். கதாநாயகர்கள் மூவரில் ஒருவனையே காணோம். நிஞ்ஜா கை இல்லவே இல்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு எங்க ஊர்ல சொல்வோம்" என்றேன்.

அந்தப் பழமொழியை விளக்கச் சொல்லிக் கேட்டு, குறித்துவைத்துக்கொண்டார். இப்போது மீட்டிங்கிலெல்லாம் சொல்கிறார்.

ஏன் மூன்றே ரவுடி? இதற்கு அவரிடம் ஒரு காகிதம் இருக்கிறது. சூப்பர் நின்டெண்டோ, திரையின் ஒரு கிடைக்கோட்டில் 32 நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் வரையாது. ஹாகர் மாதிரி ஆஜானுபாகுவான ஆள் ஒருவரே பல துண்டுகளை ஒட்டிச் செய்த உருவம். அப்படிப்பட்ட நாலைந்து பேர் ஒரே வரிசையில் நின்றால் கோட்டா தீர்ந்து, யாராவது ஒருவருடைய இடுப்போ முழங்காலோ மறைந்துவிடும். முன்னும் பின்னும் பறக்கும் விமான விளையாட்டில் உருவங்கள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். இதில் எல்லாரும் ஒரே தெருவில், ஒரே மட்டத்தில் நின்று அடித்துக்கொள்கிறார்கள். ரேஷன் கடையில் எல்லாரும் ஒரே ஜன்னலுக்கு வந்தால் என்ன ஆகும்? அதுதான்.

இதில் ஒரு விசேஷம். இத்தனையும் திட்டுகிறவர், வேறு யாராவது அந்தப் பதிப்பைத் திட்டினால் பொறுக்க மாட்டார். நான் ஒருமுறை ஒத்துப் பேசுவதாக நினைத்து "மோசமான பதிப்புதான்" என்று சொல்லிவைத்தேன். முகம் கறுத்துவிட்டது. உருவங்கள் எவ்வளவு பெரிது பாருங்கள், நிறம் பாருங்கள், கன்சோல் வந்த புதிதில் இதைவிட என்ன செய்ய முடியும் என்று அரைமணி நேரம் வாதாடினார். பெற்ற பிள்ளையை அப்பன் உதைக்கலாம், அடுத்த வீட்டுக்காரன் முறைக்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு வரும்போது செய்த ஒழுங்கு நடவடிக்கைகள் தனி அத்தியாயம். பாய்சன், ராக்ஸி என்ற இரண்டு பெண் ரவுடிகளை எடுத்துவிட்டு பில்லி, சிட் என்று இரண்டு ஆண்களை வைத்தார்கள். சோடம் என்ற ரவுடியின் பெயர் கட்டானா ஆயிற்று. நடுவில் ஒரு போனஸ் கட்டம்: கெட்டவனின் காரை அடித்து நொறுக்க வேண்டும். நொறுக்கி முடித்ததும் அவன் வந்து பார்த்து, மூலத்தில் "ஓ மை காட்" என்று அழுவான். கடவுளை இழுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பதிப்பில் அதை "ஓ மை கார்" ஆக்கிவிட்டார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் மாறியது ஒரே ஒரு மெய்யெழுத்து. நச்சினார்க்கினியர் பார்த்திருந்தால் இரண்டு பாடத்தையும் ஏற்று, இரண்டுக்கும் உரை சொல்லியிருப்பார். பண்டிதர் இதை நடித்துக் காட்டும்போது இரண்டு அழுகைக்கும் இரண்டு சுருதி வைத்திருக்கிறார்.

கை இல்லாத குறையைத் தீர்க்கக் கம்பெனியே ஒரு பரிகாரம் செய்தது. ஜப்பானில் 1992-இல் 'ஃபைனல் ஃபைட் கை' என்று தனியாக ஒரு கார்ட்ரிட்ஜ். அதில் கை உண்டு, கோடி இல்லை. தொழிற்சாலையும் திரும்பவில்லை, இரண்டாவது ஆளும் திரும்பவில்லை. அமெரிக்காவுக்கு அது வந்தது 1994-இல். பிளாக்பஸ்டர் கடையில் வாடகைக்கு மட்டும். இந்த இடம் வரும்போது பண்டிதர் குரலில் ஒரு தழுதழுப்பு வரும். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. புல் வெட்டிச் சேர்த்த காசையெல்லாம் அந்த வாடகைக்கே கொடுத்தாராம். இன்னும் சனிக்கிழமை புல் வெட்டுவது பழக்க தோஷம் என்று நினைக்கிறேன்.

சேகா சிடி பதிப்பு 1993-இல் வந்தது. மூன்று நாயகர்களும் உண்டு, ரொலெண்டோ உண்டு, இரண்டு பேர் ஆடலாம், பாட்டெல்லாம் புதிதாக வாசித்துக் குறுந்தகட்டில் ஏற்றியது. அப்புறம் என்ன குறை என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கன்சோல் ஒரு சமயத்தில் திரையில் காட்டக்கூடியது 64 நிறம். மெட்ரோ சிட்டி முழுக்க ஆடி வெயிலில் காயப்போட்டு வெளுத்த வேஷ்டி மாதிரி இருக்கும். நாயகர்கள் ஆரம்பத்தில் பேசும் வசனம் வேறு. பண்டிதர் அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தானே பேசுவார்.

ஷார்ப் எக்ஸ் 68000 என்ற ஜப்பானியக் கணினிக்கு வந்த 1992-ஆம் வருஷத்துப் பதிப்புதான் மூலத்துக்கு மிக அருகில் போனது என்பது அவர் தீர்ப்பு. ஆர்கேட் எந்திரத்துக்குள் துடித்ததும் அந்தக் கணினிக்குள் துடித்ததும் ஒரே குடும்பத்துச் சில்லு, மோட்டரோலா 68000. ஆனால் அது கன்சோலா, கணினியா? கணினி என்றால் வீட்டுக் கன்சோல் வரிசையில் சேர்க்கலாமா? இந்தக் கேள்விக்காக ஒரு பழைய சிநேகிதரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. அந்த எந்திரத்தை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். என்ன விலை என்று எனக்கு ஒரு தொகை சொன்னார். மனைவியிடம் சொன்ன தொகையில் ஒரு சைபர் குறைந்திருந்தது. அதுவும் ஒரு பதிப்புதான். இடம் பற்றாமல் சிலதை விட்டுவிட வேண்டியிருக்கிறது.

கையடக்க கேம் பாய் அட்வான்ஸில் 2001-இல் வந்ததைப் பற்றி நல்லவிதமாகவே பேசுவார். சிறுசு என்றால் எல்லாருக்கும் பிரியம்.

நியாயமாகப் பார்த்தால் இவருடைய தொழில் எப்போதோ படுத்திருக்க வேண்டும். 2018-இல் கேப்காம் பழைய அடிதடி விளையாட்டுகளை ஒரே கட்டாக வெளியிட்டபோது அசல் ஆர்கேட் பதிப்பே அதில் வந்துவிட்டது. மூலமே வீடு தேடி வந்த பிறகு உரையாசிரியருக்கு என்ன வேலை? இப்படித்தான் நானும் அப்பாவியாகக் கேட்டேன். மூலத்தின் படம் 384 புள்ளி அகலம், 224 புள்ளி உயரம். அது பழைய டிவியின் நாலுக்கு மூன்று சட்டத்தில் ஒடுங்கி உட்கார்வதற்காக வரைந்தது. புதுத் திரையில் புள்ளியைப் புள்ளியாக வைத்தால் ஹாகர் பக்கவாட்டில் இரண்டு சுற்றுப் பெருத்துவிடுகிறார். "மேயருக்குத் தொந்தி வந்திருக்கு, பார்த்தீங்களா?" பொத்தானை அழுத்துவதற்கும் குத்து விழுவதற்கும் நடுவே வினாடியில் அறுபதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தாமதம் இருக்கிறதாம். அதைப் போக்கத்தான் பேஸ்மென்ட்டில் அந்தப் பழைய ட்யூப் டிவி. மூன்று பேர் சேர்ந்து இறக்கினோம். என் இடுப்பில் இன்னும் தாமதம் இருக்கிறது.

இவர் ஆடி நான் பார்த்ததே இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. போடுவார், முதல் தெருவில் முதல் டிரம் வரை போவார், நிறுத்துவார். "இந்தச் சத்தத்தைக் கேளுங்க." அடுத்ததைப் போடுவார். முதல் டிரம். "இப்ப இதைக் கேளுங்க." வறுத்த இறைச்சியை எடுப்பதற்குள் அடுத்த கன்சோல். மகளின் ஒன்பதாவது பிறந்தநாளன்று வந்த பிள்ளைகள் ஆட்டம் வேண்டும் என்றார்கள். காலவரிசைப்படி காட்டினால்தான் அருமை புரியும் என்று ஆரம்பித்தார். சேகா சிடிக்கு வந்தபோது ஒரே ஒரு பையன் மிச்சமிருந்தான். மற்றவர்கள் கேக்குக்குப் போய்விட்டார்கள். பொறுமைசாலி. அவனுக்குக் கடைசியில் ஆர்கேட் பதிப்பைக் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் செத்தான். தொடர்கிறாயா என்று கேட்கும் திரை வந்தது. அதில் நாயகனைக் கட்டிப்போட்டு, எதிரில் டைனமைட்டைக் கொளுத்தி வைத்திருப்பார்கள். எண்ணிக்கை இறங்கும், திரி குறுகும், அவன் பாவம், உஃப் உஃப் என்று ஊதி அணைக்கப் பார்ப்பான். "இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா" என்று பண்டிதர் தொடங்கினார். ஏழு. ஆறு. பையன் பொத்தானையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று வளர்த்த பிள்ளை போலிருக்கிறது. மூன்று. இரண்டு. வெடித்தது. "பார்த்தியா, அந்தச் சத்தம்!" என்றார் பண்டிதர் பரவசமாக. பையன் கேக்குக்குப் போய்விட்டான்.

போன நவம்பரில் நன்றி நவிலும் நாள் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். டெக்சாஸிலிருந்து அவர் தம்பி வந்திருந்தான். இரண்டு வயது இளையவன், பாதி பேச்சு, முழுத் தொப்பி. வான்கோழி இறங்கியதும் மூவரும் பேஸ்மென்ட்டுக்குப் போனோம். பண்டிதர் இரண்டு ஜாய்ஸ்டிக்கைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். எக்ஸ் 68000-இல் ஆரம்பிக்கலாமா, அசலிலேயே ஆரம்பிக்கலாமா, அசலென்றால் ஹாகர் எனக்கு, கை உனக்கு என்று அடுக்கிக்கொண்டே போனார்.

தம்பி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. அலமாரியின் அடித்தட்டில் குனிந்து, ஸ்டிக்கர் பாதி உரிந்த அந்தச் சாம்பல் கார்ட்ரிட்ஜை எடுத்தான். வாயருகே கொண்டுபோய் ஊதினான். ஊதினால் உலோகப் பல் கெட்டுவிடும் என்று என்னிடம் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியவர், வாயைத் திறக்கவில்லை.

மூன்று மூன்று ரவுடிகளாக வந்தார்கள். தொழிற்சாலை இல்லை. கை இல்லை. ஒரே ஒரு கன்ட்ரோலர். தம்பி ஹாகரை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பண்டிதர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முப்பத்து நாலு வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தை எனக்காக மொழிபெயர்த்தார்: ஆளுக்கு ஒரு உயிர். செத்தால் கை மாற வேண்டும். எந்த விளக்கமும் அதோடு வரவில்லை. முதல் டிரம் உடைந்தது. சத்தத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இறைச்சியை எடுத்தார்கள். முதல் தெருவைத் தாண்டினார்கள். இந்த விளையாட்டில் முதல் தெருவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுரங்க ரயிலில் ஹாகர் விழுந்தார்.

"செத்துட்டே, குடு" என்றார் பண்டிதர், கையை நீட்டி.

"அது உயிர் இல்ல. பொத்தான் வேலை செய்யல."

"எப்பவும் இதையே சொல்லு."

"எப்பவும் இந்தப் பொத்தான் வேலை செய்யல."

மேலே பை வெட்டியாகிவிட்டது என்று அவர் மனைவி குரல் கொடுத்தார். நான் மட்டும் போனேன்.